‘ஹூ’, ‘விச்’ அடுக்கி எழுதும்போது வாக்கியம் எங்கே உடைகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்கால இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் நிறையப் பேர் நர்சிங் முடித்து, வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் தேர்வு) எழுதப் போகிற பிள்ளைகள். அந்தத் தேர்வின் எழுத்துப் பகுதியில் நர்ஸுகளுக்கு வழக்கமாக ஒரு கடிதம் வரும். நோயாளியை வேறு இடத்துக்கு அனுப்பும்போது, அங்கே அவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு எழுதுகிற கடிதம். அப்படி ஒரு கடிதத்தில் ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்:

“த பேஷன்ட் கேம் வித் ஹிஸ் சன் ஹூ இஸ் அலர்ஜிக் டு பென்சிலின்.”

“மக்களே, யாருக்கு அலர்ஜி?” என்று கேட்டேன். “அப்பாவுக்குத்தான் டீச்சர்” என்றாள். அவள் எழுதின வாக்கியத்தில் அலர்ஜி மகனுக்குப் போய்விட்டது. எழுத்துப்பிழை இல்லை, காலம் சரி, வெர்ப் சரி. கம்ப்யூட்டரில் அடித்தாலும் சிவப்புக் கோடு விழாது. ஆனால் அந்தக் கடிதத்தை நம்பி யாராவது அப்பாவுக்குப் பென்சிலின் ஊசி போட்டால் என்ன ஆகும்? அன்றிலிருந்து இந்தப் பாடத்தை நான் ரொம்பக் கவனமாக நடத்துகிறேன்.

அடிப்படைக் காரணம் ஒன்றுதான். தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும்: ‘நேற்று வந்த பையன்’. இங்கிலீஷில் பெயர் முதலில் வந்துவிடும், விவரம் பின்னால் வரும்: ‘த பாய் ஹூ கேம் எஸ்டர்டே’. ஒரு விவரம் மட்டும் என்றால் எல்லோரும் சமாளித்துவிடுவார்கள். இரண்டு, மூன்று என்று அடுக்கும்போதுதான் சிக்கல்.

இங்கிலீஷ் வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள், பல பிழைகள் காதிலேயே பிடிபடும். உங்கள் வாக்கியத்தில் என்ன கோளாறு என்று தெரிந்தால் நேரே அந்த அறிகுறிக்குப் போகலாம். தெரியாவிட்டால் முதல் இரண்டையும் முதலில் பாருங்கள்.

அறிகுறி 1: சொன்ன விஷயம் வேறு ஆள்மேல் போய் விழுகிறது

பென்சிலின் வாக்கியத்தின் நோய் இதுதான். ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ மூன்றும் பெரும்பாலும் தங்களுக்கு இடப்பக்கம் ஒட்டி நிற்கிற பெயரைத்தான் பிடிக்கும். எழுதுகிறவர் மனதில் எந்தப் பெயர் இருக்கிறது என்பது படிக்கிறவருக்குத் தெரியாது.

கண்டுபிடிக்க வழி: எழுதி முடித்ததும் பென்சிலால் ஒவ்வொரு ‘ஹூ’வையும் ‘விச்’சையும் வட்டமிடுங்கள். அதற்கு நேர் இடப்பக்கம் இருக்கும் பெயரின் கீழே கோடு போடுங்கள். நீங்கள் நினைத்த ஆள் அதுதானா? இல்லையென்றால் வாக்கியத்தை மாற்ற வேண்டும்.

மாற்ற இரண்டு வழி உண்டு. விவரத்தைச் சொந்தக்காரர் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கலாம்: “த பேஷன்ட், ஹூ இஸ் அலர்ஜிக் டு பென்சிலின், கேம் வித் ஹிஸ் சன்.” இப்போது யாருக்கு அலர்ஜி என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் மருத்துவக் கடிதத்தில் எது முக்கியம்? மகன் கூட வந்ததா, அலர்ஜியா? அலர்ஜிதான். அப்படியென்றால் அதை மெயின் வாக்கியமாக்கிவிட்டு, மகன் வந்ததை ‘ஹூ’வுக்குள் போடுங்கள்: “த பேஷன்ட், ஹூ கேம் வித் ஹிஸ் சன், இஸ் அலர்ஜிக் டு பென்சிலின்.” நான் இரண்டாவதைத்தான் எழுதச் சொல்வேன். எதை ‘ஹூ’வுக்குள் போடுகிறோமோ அது பின்னணிக்குப் போய்விடும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தைப் பின்னணியில் வைக்கக் கூடாது.

‘ஆஃப்’ வரும் இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். “த சன் ஆஃப் த பேஷன்ட் ஹூ லிவ்ஸ் இன் துபாய்” என்றால் துபாயில் இருப்பது மகனா, நோயாளியா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். “த பேஷன்ட்ஸ் சன், ஹூ லிவ்ஸ் இன் துபாய்” என்று திருப்பிப் போட்டால் ‘ஹூ’வுக்குப் பக்கத்தில் மகன்தான் நிற்கிறான். பிரச்சினை தீர்ந்தது.

அறிகுறி 2: ஃபுல்ஸ்டாப் வந்துவிட்டது, வாக்கியம் முடியவில்லை

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பற்றி எழுதச் சொன்னால் இப்படி வரும்:

“த அக்விடக்ட் அட் மாத்தூர் விச் வாஸ் பில்ட் இன் 1966 விச் கேரீஸ் வாட்டர் ஓவர் த பறளியாறு.”

‘விச்’ தொடங்கி அந்தத் துண்டு முடியும்வரை கையால் மூடுங்கள். அடுத்த ‘விச்’சையும் அப்படியே மூடுங்கள். மிஞ்சுவது என்ன? “த அக்விடக்ட் அட் மாத்தூர்.” அப்புறம்? ஒன்றுமில்லை. பாலம் என்ன செய்கிறது என்று சொல்ல வந்த ‘கேரீஸ்’ ஒரு ‘விச்’சுக்குள் மாட்டிக்கொண்டது. அந்த ‘விச்’சை எடுத்துவிட்டாலே போதும்: “த அக்விடக்ட் அட் மாத்தூர், விச் வாஸ் பில்ட் இன் 1966, கேரீஸ் வாட்டர் ஓவர் த பறளியாறு.”

இந்தப் பிழை நமக்கு ஏன் கண்ணில் படுவதில்லை? தமிழில் ‘சுமக்கிற’ வேறு, ‘சுமக்கிறது’ வேறு. ‘தண்ணீர் சுமக்கிற’ என்று நிறுத்தினால் சின்னக் குழந்தைகூட ‘எது?’ என்று கேட்கும். இங்கிலீஷில் இரண்டு இடத்திலும் ‘கேரீஸ்’தான். உருவம் மாறாததால், ஒரு வெர்ப் வந்ததுமே வாக்கியம் முடிந்துவிட்டது என்று நம் காது நம்பிவிடுகிறது. அதனால் இங்கிலீஷில் எண்ணித்தான் பார்க்க வேண்டும். வாக்கியத்தில் எத்தனை ‘ஹூ’, ‘விச்’ இருக்கிறதோ அதைவிடக் குறைந்தது ஒரு வெர்ப் கூடுதலாக இருக்க வேண்டும்.

அறிகுறி 3: வெர்ப் எல்லாம் கடைசியில் குவிந்து கிடக்கிறது

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது. இரண்டு மொழியும் எப்படி நேரெதிராக நடக்கின்றன என்பது இதில்தான் நன்றாகத் தெரியும்.

குளச்சல் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவனிடம் கடற்கரையில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொன்னேன். “வள்ளக்காரர் கூலிக்கு வைத்த ஆள் பின்னின வலை கிழிந்துவிட்டது” என்றான். எவ்வளவு லேசாக ஓடுகிறது பாருங்கள். இதையே இங்கிலீஷில் அவன் எழுதினது:

“த நெட் விச் த மேன் ஹூம் த போட் ஓனர் ஹயர்டு மேட் புரோக்.”

இலக்கணப்படி இதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் ‘ஹயர்டு மேட் புரோக்’ என்று மூன்று வெர்ப் வரிசையாக வந்து நிற்கும்போது, எது யாருடையது என்று இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கே புரியாது.

தமிழில் ‘வைத்த’ என்றதும் ‘ஆள்’ வந்துவிடுகிறது, அந்தக் கணக்கு முடிந்தது. ‘பின்னின’ என்றதும் ‘வலை’ வந்துவிடுகிறது, அதுவும் முடிந்தது. தோவாளையில் பூக்கட்டுகிறவர்கள் ஒரு முடிச்சை இறுக்கிவிட்டுத்தானே அடுத்த பூவை எடுப்பார்கள், அப்படி. இங்கிலீஷில் அந்த மாணவன் வலையை எடுத்தான், முடிச்சுப் போடவில்லை. ஆளை எடுத்தான், அதற்கும் போடவில்லை. ஓனரையும் எடுத்துவிட்டான். மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் மொத்தமாக முடிச்சுப் போடப் பார்த்தால் பூ உதிரத்தான் செய்யும்.

சரிசெய்ய வேண்டுமானால், ஒரு ‘ஹூம்’ துண்டு முடியுமுன் இன்னொன்றை அதன் வயிற்றுக்குள் திறக்காதீர்கள். புதிய ‘ஹூ’ எப்போதும் வாக்கியத்தின் வால்பக்கத்தில், கடைசியாக வந்த பெயரோடு சேரட்டும்: “த போட் ஓனர் ஹயர்டு எ மேன், ஹூ மேட் த நெட் தட் புரோக்.” ஓனர் ஆளை வைத்தார், ஆள் வலையைப் பின்னினான், வலை கிழிந்தது. நம் தமிழ் வாக்கியம் போன வரிசையிலேயே வந்துவிட்டது, கவனித்தீர்களா?

நீங்கள் பேசிக்கொண்டிருப்பது வலையைப் பற்றி, ஓனரை முதலில் கொண்டுவர மனமில்லை என்றால் பாஸிவ் வாய்ஸ் கைகொடுக்கும்: “த நெட் தட் புரோக் வாஸ் மேட் பை எ மேன் ஹூம் த போட் ஓனர் ஹேட் ஹயர்டு.” பாஸிவே எழுதாதே என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் அதைவிட உதவியான கருவி இல்லை என்பது என் முடிவு.

அறிகுறி 4: ‘இன்’, ‘வித்’, ‘டு’ காணாமல் போகின்றன, அல்லது தேவையில்லாமல் ‘இட்’, ‘ஹிம்’ வந்து ஒட்டுகின்றன

இதற்கு மருந்து நம் நன்னூலில் இருக்கிறது. பெயரெச்சம் ஆறு வகைப் பொருளோடு சேரும் என்று பவணந்தியார் சொல்கிறார்: செய்பவன், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள். ரப்பர் பால்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டின ஆள், வெட்டின கத்தி, வெட்டின தோட்டம், வெட்டின வெட்டு, வெட்டின நாள், வெட்டின மரம். ஆறு இடத்திலும் ‘வெட்டின’ என்ற ஒரே சொல். ஆள் வெட்டினான், கத்தியால் வெட்டினான், தோட்டத்தில் வெட்டினான் என்ற வேற்றுமை உருபெல்லாம் மறைந்துவிட்டது. அதை நாம் தானாகவே புரிந்துகொள்கிறோம்.

இங்கிலீஷ் அப்படி மறைக்க விடாது. பால் வெட்டுவதை இங்கிலீஷில் ‘டாப்’ என்பார்கள். ‘த மேன் ஹூ டாப்டு’, ‘த நைஃப் வித் விச் ஹி டாப்டு’, ‘த எஸ்டேட் வேர் ஹி டாப்டு’, ‘த டே வென் ஹி டாப்டு’, ‘த ட்ரீ தட் ஹி டாப்டு’. ‘வெட்டின வெட்டு’க்கு மட்டும் வெர்பே மாறும்: ‘த கட் தட் ஹி மேட்’. இந்த ஆறையும் என் வகுப்பில் மனப்பாடம் செய்ய வைக்கிறேன். மனப்பாடத்தை விரும்பாதவள்தான் நான், ஆனாலும் இதற்கு அது பலன் தருகிறது.

இரண்டு துண்டு சேரும்போது இந்தக் கோளாறும் முதல் கோளாறும் கைகோத்து வரும்:

“திஸ் இஸ் த நைஃப் விச் மை ஃபாதர் டாப்டு ரப்பர் விச் ஹி பாட் இன் குலசேகரம்.”

‘வித்’ இல்லை. அதோடு இரண்டாவது ‘விச்’ ரப்பரைப் பிடித்துவிட்டது. குலசேகரத்தில் அப்பா வாங்கினது கத்தி, வாக்கியம் சொல்வது ரப்பர். ஒவ்வொரு துண்டையும் தனி வாக்கியமாக்கிப் பாருங்கள். ‘ஹி பாட் த நைஃப் இன் குலசேகரம்.’ ‘ஹி டாப்டு ரப்பர் வித் த நைஃப்.’ இரண்டாவதில் ‘வித்’ இருக்கிறது அல்லவா, அது கடைசிவரை கூடவே வர வேண்டும்: “திஸ் இஸ் த நைஃப் விச் மை ஃபாதர் பாட் இன் குலசேகரம் அண்ட் வித் விச் ஹி டாப்டு ரப்பர் ஃபார் ட்வென்ட்டி இயர்ஸ்.”

பேச்சில் ‘வித்’தைக் கடைசியில் விடுவார்கள்: ‘த நைஃப் ஹி டாப்டு ரப்பர் வித்’. அதுவும் சரிதான். ஆனால் ‘தட்’டுக்கு முன்னால் ‘வித்’, ‘இன்’ எதுவும் வராது. ‘வித் தட் ஹி டாப்டு’ என்று எழுதாதீர்கள்.

எதிர்ப்பக்கத்துப் பிழை: ‘த நைஃப் விச் ஹி டாப்டு ரப்பர் வித் இட்’. கத்திக்குப் பதிலாகத்தான் ‘விச்’ வந்து நிற்கிறது. பிறகு ‘இட்’ எதற்கு? ‘த டாக்டர் ஹூம் ஐ ஸ்போக் டு ஹிம்’ என்பதில் வரும் ‘ஹிம்’மும் அப்படித்தான். அடித்துவிடுங்கள். ‘த ஹவுஸ் வேர் ஐ லிவ் இன்’ என்பதில் ‘வேர்’ வந்துவிட்டதால் ‘இன்’ போக வேண்டும்.

அறிகுறி 5: ‘ஹூ… ஹூ… ஹூ…’ என்று இழுத்துக்கொண்டே போகிறது

“ஷி இஸ் எ நர்ஸ் ஹூ ஸ்டடீட் இன் நாகர்கோவில் ஹூ வொர்க்டு இன் சென்னை ஹூ நவ் லிவ்ஸ் இன் அயர்லாந்து.”

இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? ‘நாகர்கோவிலில் படித்து, சென்னையில் வேலை பார்த்து, இப்போது அயர்லாந்தில் இருக்கிற நர்ஸ்’. படித்து, பார்த்து என்று முதல் இரண்டும் வினையெச்சம். கடைசி ஒன்றுதான் பெயரெச்சம். மூன்றையும் ஒரே பெயரெச்சம் தாங்குகிறது. இங்கிலீஷிலும் ஒரு ‘ஹூ’ தாங்கும்: “ஹூ ஸ்டடீட் இன் நாகர்கோவில், வொர்க்டு இன் சென்னை அண்ட் நவ் லிவ்ஸ் இன் அயர்லாந்து.”

மூன்றிலும் செய்கிறவர் அந்த நர்ஸே என்பதால் ஒன்று போதுமானதாக இருந்தது. ஆள் செய்கிறவராக இருந்து, அடுத்த துண்டில் வேறொருவர் அவரை ஏதாவது செய்கிறார் என்றால் புதிதாக ஒன்று வேண்டும்: “த நர்ஸ் ஹூ டிரெய்ன்டு மீ அண்ட் ஹூம் ஐ ஸ்டில் கால் எவ்ரி சண்டே.”

‘அண்ட் விச்’ என்று எழுதினால் முன்னால் ஒரு ‘விச்’ இருக்கிறதா என்று திரும்பிப் பாருங்கள். “மட்டி பனானா, குரோன் இன் கன்னியாகுமரி டிஸ்ட்ரிக்ட் அண்ட் விச் காட் த ஜிஐ டேக் இன் 2023” (ஜிஐ டேக் என்றால் புவிசார் குறியீடு) என்பது நொண்டும். “விச் இஸ் குரோன் இன் கன்னியாகுமரி டிஸ்ட்ரிக்ட் அண்ட் விச் காட் த ஜிஐ டேக் இன் 2023” என்றால் இரண்டு காலும் சமமாக ஊன்றும்.

ஆனால் ‘அண்ட்’ இல்லாமல் இரண்டு துண்டு அடுத்தடுத்து வந்தால் எல்லாமே தவறு என்று நினைத்துவிட வேண்டாம். “த ஒன்லி ஷாப் ஐ நோ தட் செல்ஸ் குட் மட்டி.” எனக்குத் தெரிந்த கடைகள் என்று முதலில் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் நல்ல மட்டி விற்கிற கடை என்று இன்னொரு சின்ன வட்டம். இங்கே ‘அண்ட்’ போட்டால்தான் கெடும்.

அறிகுறி 6: கமா போட்டதும் அர்த்தம் மாறுகிறது

‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் துபாய்’ என்றால் பல அண்ணன் தம்பிகளில் துபாயில் இருப்பவர். கமா போட்டால் எனக்கு ஒரே ஒருவர், அவர் இருப்பது துபாயில். இந்த வித்தியாசம் தமிழ்ப் பெயரெச்சத்தில் இல்லாததால் தனியாகப் பழக வேண்டும்.

இரண்டு வகையும் ஒரே பெயருக்கு வந்தால், ‘எது’ என்று அடையாளம் காட்டுவது முதலில், கமா இல்லாமல். கூடுதல் தகவல் அப்புறம், கமாவோடு. கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையைப் பற்றி எழுதினால்: “த ஸ்டேச்யூ தட் யூ சீ ஃப்ரம் த ஷோர், விச் இஸ் 133 ஃபீட் ஹை வித் இட்ஸ் பெடஸ்டல், வாஸ் அன்வெயில்டு ஆன் 1 ஜனவரி 2000.” கரையிலிருந்து தெரியும் சிலை எது என்பதை ‘தட்’ காட்டிவிட்டது. உயரம் கூடுதல் தகவல். பீடம் 38 அடி, சிலை 95 அடி, சேர்ந்தால் குறளின் 133 அதிகாரக் கணக்கு.

திறந்த கமாவை மூட மறக்காதீர்கள். கமாவுக்குப் பின்னால் ‘தட்’ போடாதீர்கள், ‘விச்’ அல்லது ‘ஹூ’தான். ஊர், ஆள் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் கமா வரும், ஏனென்றால் பெயரே அடையாளம் காட்டிவிட்டது.

அறிகுறி 7: ‘விச்’ ஒரு பெயரைப் பிடிக்கிறதா, முழு விஷயத்தையும் பிடிக்கிறதா என்று தெரியவில்லை

“த போட் சர்வீஸ் வாஸ் ஸ்டாப்டு பிகாஸ் ஆஃப் த விண்ட், விச் மேட் த சில்ட்ரன் க்ரை.” விவேகானந்தர் பாறைக்குப் போக வரிசையில் நின்ற பிள்ளைகள் காற்றால் அழுதார்களா, படகு நின்றதால் அழுதார்களா? கமா ‘விச்’ முழு வாக்கியத்தையும் பிடிக்கலாம் என்பதால் இந்தக் குழப்பம். ‘விச்’சை விட்டுவிட்டுக் காரணத்தை வெளிப்படையாக எழுதுங்கள்: “த சில்ட்ரன் கிரைடு வென் த போட் சர்வீஸ் வாஸ் ஸ்டாப்டு பிகாஸ் ஆஃப் த விண்ட்.”

சின்னதாக இன்னும் இரண்டு. ‘மகன் துபாயில் இருக்கிற அக்கா’ என்பதை ‘ஹூ ஹெர் சன்’ என்று எழுதுகிறார்கள், அது ‘ஹூஸ் சன்’. ‘ஒன் ஆஃப் த நர்ஸஸ் ஹூ’ என்பதில் ‘ஹூ’ பிடிப்பது ‘நர்ஸஸ்’ என்ற பன்மையை, ஆகவே ‘ஹூ வொர்க்’, ‘ஹூ வொர்க்ஸ்’ அல்ல.

எல்லாக் கோளாறும் ஒன்றாக வந்தால்

உதயகிரிக் கோட்டைக்குப் போய்விட்டு வந்த ஒரு பையன் எழுதினது:

“டி லெனாய் ஹூ வாஸ் த டச் ஆபீசர் ஹூம் மார்த்தாண்ட வர்மா டிஃபீட்டட் ஹிம் அட் குளச்சல் இன் 1741 ஹூ லேட்டர் டிரெய்ன்டு ஹிஸ் ஆர்மி ஹூஸ் கிரேவ் இஸ் இன் உதயகிரி ஃபோர்ட் விச் இஸ் அட் புலியூர்க்குறிச்சி.”

விஷயம் எல்லாம் சரி. அவன் ஆசையோடு எழுதியிருந்தான், அதனால் உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். முதலில் மூடிப் பார்த்தோம்: ‘டி லெனாய்’ மட்டும் மிஞ்சினது, மெயின் வெர்ப் இல்லை. முதல் ‘ஹூ’வை எடுத்ததும் ‘வாஸ்’ அந்த வேலையைச் செய்தது. ‘ஹூம்’ இருப்பதால் ‘ஹிம்’ போனது. ‘ஹூ லேட்டர்’ என்பதற்கு இடப்பக்கம் ஆளே இல்லை, 1741தான் நிற்கிறது. ‘அண்ட்’ போட்டு முந்தின ‘ஹூம்’மோடு இணைத்தோம். ‘ஹூஸ் கிரேவ்’ பட்டாளத்தைப் பிடித்திருந்தது, கல்லறை பட்டாளத்துக்குப் போய்விட்டது. அங்கே ஃபுல்ஸ்டாப் வைத்து இரண்டாவது வாக்கியம் தொடங்கினோம்:

“டி லெனாய் வாஸ் த டச் ஆபீசர் ஹூம் மார்த்தாண்ட வர்மா டிஃபீட்டட் அட் குளச்சல் இன் 1741 அண்ட் ஹூ லேட்டர் டிரெய்ன்டு ஹிஸ் ஆர்மி. ஹி இஸ் பரீட் இன் உதயகிரி ஃபோர்ட், விச் இஸ் அட் புலியூர்க்குறிச்சி.”

முடிந்தது என்று நோட்டை மூடப் போனவன் மறுபடி திறந்தான். “டீச்சர், ‘ஹிஸ் ஆர்மி’ என்றால் யாருடையது? டி லெனாயுடையது என்று படித்துவிட மாட்டார்களா?” என்று கேட்டான். ‘ஹிஸ்’ஸை அடித்துவிட்டு ‘த டிராவன்கூர் ஆர்மி’ என்று எழுதினான்.